என் கல்யாணத்தில் நான் பேசிய பேச்சு

எங்கள் சொந்தத்தில் யார் வீட்டுக் கல்யாணமானாலும், பந்தியில் என் பக்கத்து இலைக்காரர்கள் அந்தப் பேச்சை எடுக்காமல் விடமாட்டார்கள். "அன்னைக்கு ஒங்க கல்யாணத்துல நீங்க பேசுனீகளே, அதுதான் பேச்சு" என்பார்கள். நேரில் கேட்டவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இப்போது கேட்காதவர்கள்தான் அதிகமாகப் புகழ்கிறார்கள். நான் ரசத்தைப் பிசைந்தபடி தலையாட்டிக்கொள்வேன். நல்ல பேச்சுதான், நானே அதை இல்லையென்று சொல்லமாட்டேன். எதற்காகப் பேசினேனோ அது நடக்கவில்லை, அவ்வளவுதான். அதை யாரும் இதுவரை என்னிடம் கேட்டதில்லை.

அப்பாவுக்குத் தெற்கு மாசி வீதியில் தையல்கடை. தைக்கக் கொடுக்க வருகிறவர்களைவிடப் பேச வருகிறவர்கள் அங்கே அதிகம். சாதி வேண்டாம், சாத்திரம் வேண்டாம், சாதகம் வேண்டாம் என்கிற கூட்டம் அது. அப்பா அளவெடுக்கும்போதும் பேசுவார், வெட்டும்போதும் பேசுவார், வாயில் குண்டூசி இருக்கும்போது மட்டும் சற்று ஓய்வார். சட்டைகள் நாள் தள்ளிப் போகும். பேச்சு மட்டும் தள்ளிப் போனதே இல்லை.

அந்தக் கூட்டத்தார் நடத்தி வைத்த கல்யாணங்களுக்குச் சீர்திருத்தக் கல்யாணம் என்று பெயர். ஐயர் கிடையாது, ஓமம் கிடையாது. தலைவர் என்று ஒருவர் நடுவில் உட்காருவார், நாலைந்து பேர் பேசுவார்கள், பிறகு மாப்பிள்ளையும் பெண்ணும் மாலை மாற்றிக்கொள்வார்கள். மாலை விழுந்த மறுநிமிஷம் சனம் பந்திக்கு ஓடிவிடும் என்று கண்டதால், பேச்சு முழுவதையும் முன்னால் வைத்தார்கள். பேச்சு முடிந்தால்தான் மாலை, மாலை விழுந்தால்தான் சோறு. பசித்தவன் காதுக்குள் பகுத்தறிவு நன்றாக ஏறும் என்பது அப்பாவின் எண்ணம்.

அவர்கள் நல்ல நேரம் பார்ப்பதில்லை என்று ஊரில் சொல்வார்கள். அது சரியில்லை. நேரம் பார்ப்பார்கள், தலைகீழாகப் பார்ப்பார்கள். ஊரே பயந்து ஒதுங்குகிற ராகுகாலத்தைத் தேடிப் பிடித்து அதில்தான் கல்யாணத்தை வைப்பார்கள். ராகுகால அட்டவணை எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கியது. அவ்வளவு கறாராக அதைப் பார்த்தவர் எங்கள் தெருவிலேயே அப்பா ஒருவர்தான். கோயிலுக்குப் போகிற பெண்கள் எங்கள் வீட்டு வாசலில் நின்று, "அண்ணே, இன்னைக்கு ராகு எப்ப?" என்று அவரிடம் கேட்டுவிட்டுப் போவார்கள். அவரும் திட்டிக்கொண்டே சொல்லுவார்.

நாங்கள் குடியிருந்தது வில்லாபுரத்தில். அப்போது அது மதுரையோடு ஒட்டவில்லை. சுற்றிலும் வயல், நடுவில் கொஞ்சம் வீடுகள். அந்த ஊரில் பெண்பிள்ளையை எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்க அனுப்பிய முதல் ஆள் அப்பாதான். வாத்தியாரம்மாவாக்குகிற டிரெய்னிங் ஸ்கூலில் என்னைச் சேர்த்தார். ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். இரண்டு வருஷப் படிப்பு, ஒரு வருஷத்தை முடித்திருந்தேன். கல்யாணமான பெண்களை அங்கே வைத்துக்கொள்வதில்லை. அது எழுதி ஒட்டாத சட்டம், ஆனால் எல்லாருக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரியும்.

முதல் வருஷக் கடைசியில் எங்களைச் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் நடத்த அனுப்பினார்கள். எனக்கு நெல் பாடம் வந்தது. விதையிலிருந்து சோறு வரைக்கும் சொல்ல வேண்டும், பிள்ளைகளைக் கேள்வி கேட்டுக் கேட்டே சொல்ல வேண்டும். நான் வகுப்புக்குள் நுழைந்ததும் அத்தனை பிள்ளைகளும் எழுந்து நின்றன. வீட்டில் என் சொல்லுக்கு ஒரு கோழிகூட நகர்ந்ததில்லை. அன்றைக்கு மணியடித்து வெளியே வந்தபோது, இனிமேல் இதுதான், சாகிற வரைக்கும் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு நிச்சயமாக நான் எதையும் அதற்கு முன்னாலும் விரும்பியதில்லை, பின்னாலும் விரும்பியதில்லை.

கோடை விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தேன். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு நாகமலைப் புதுக்கோட்டை. தகப்பனார் இல்லை, தாயார் மட்டும். விருதுநகரில் பஞ்சுமூட்டை அடுக்கி வைக்கிற ஒரு கிட்டங்கியில் கணக்குப்பிள்ளை. மதுரைக்கு வரும்போதெல்லாம் அப்பாவின் கடையில் உட்கார்ந்து பேச்சுக் கேட்டிருக்கிறார். குறுக்கே பேசாமல் கேட்கிற ஆள் கிடைப்பது அரிது. அப்பாவுக்குப் பிடித்துப்போயிற்று. வக்கீல் ஒருவர் தலைமை தாங்குவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அவருக்கு ஒழிந்த ஞாயிற்றுக்கிழமையில் நாள் குறித்தார்கள். ஹாஸ்டல் திறப்பது அதற்கு மறுநாள்.

நான் அப்பாவிடம் போய்க் கேட்டேன்.

"அப்பா, ஒரு வருசம் பொறுத்து வச்சுக்கலாம்ல."

"வாக்குக் குடுத்துட்டேன் தாயி. பத்திரிகை அச்சுக்குப் போயிருச்சு."

"என்னய ஒரு வார்த்த கேக்கலயே."

அப்பா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். அவருக்கு உண்மையிலேயே மனசு நொந்துவிட்டது. "ஒன்னயக் கேக்காமலா? மேடையில ஒனக்குப் பேச்சே வச்சிருக்கேன். எந்த ஊர்லயாச்சும் கல்யாணப் பொண்ணு பேசிக் கேட்ருக்கியா? நீதான் கடைசியில பேசுற. ஒம் பேச்சு முடிஞ்சாத்தான் மாலையே" என்றார். அச்சகத்திலிருந்து திருத்தம் பார்க்க வந்த பத்திரிகையின் பிரதியை எடுத்துக் காட்டினார். ராகுகாலத்தில் நடைபெறும் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே, மணமகள் உரை என்று அதே அளவில் இருந்தது.

பெண்ணுக்கு வாயைத் திறந்துவிடுகிற தகப்பனிடம், என் வாயை நீங்கள் மூடுகிறீர்கள் என்று எப்படிச் சொல்வது? அடக்கி வைக்கிற தகப்பனாக இருந்தால் அழுது புரண்டிருப்பேன், சாப்பிடாமல் கிடந்திருப்பேன். சுதந்திரம் கொடுக்கிற அப்பாவிடம் அதற்கெல்லாம் இடமில்லை.

அம்மாவிடம் போனேன். அம்மா அடுப்படியில் தனியாக அழுதுகொண்டிருந்தாள். எனக்காக அழுகிறாள் என்று நினைத்து ஒரு நிமிஷம் ஆறுதலாக இருந்தது.

"படிப்பென்னடி படிப்பு. ராகுகாலத்துல ஒம் கழுத்துல மாலை விழுகுதேன்னு நான் செத்துக்கிட்டிருக்கேன்" என்றாள்.

அப்பா என் பேச்சைத் தானே எழுதினார். சாயங்காலம் கடையடைத்து வந்ததும் கிணற்றடியில் என்னை நிறுத்தி ஒப்பிக்கச் சொல்லுவார். கல்யாணப் பேச்சு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்குத் தீர்மானமான கருத்துகள் உண்டு. எனக்குப் பேசத் தெரியாது என்று ஆரம்பிக்கக் கூடாது, தெரியாதவள் ஏன் எழுந்தாள் என்று சனம் நினைக்கும். மாப்பிள்ளையையும் சாப்பாட்டையும் புகழக் கூடாது, இரண்டும் எப்படியென்று பிறகு தெரிந்துவிடும். முன்வரிசையைப் பார்த்துப் பேசக் கூடாது. பந்தல்காலில் சாய்ந்துகொண்டு எப்போது போகலாம் என்று நிற்கிறானே, அவனைப் பார்த்துப் பேச வேண்டும். கைதட்டினால் நிறுத்த வேண்டும், தட்டல் அடங்குவதற்குச் சற்று முன்னால் அடுத்த வாக்கியத்தை எடுத்துவிட வேண்டும். அடங்கவிட்டால் சனம் பேச்சு முடிந்தது என்று எண்ணி எழுந்துவிடும்.

இதெல்லாம் சரியான பேச்சு. பிறகு எத்தனையோ மேடைப் பேச்சு கேட்டிருக்கிறேன். அப்பா சொன்னதில் ஒன்றும் பிசகில்லை.

எழுதிக் கொடுத்ததில் ஓர் இடம் மட்டும் எனக்கு வரவில்லை. 'யாருடைய வற்புறுத்தலும் இன்றி, என் சொந்த விருப்பத்தின் பேரில்' என்று ஒரு வரி.

"அந்த எடத்துல கொரல் எறங்குது. ஏத்திச் சொல்லு" என்பார் அப்பா.

மறுபடி சொல்லுவேன். மறுபடி இறங்கும். "வற்புறுத்தலும் இன்றிங்கறப்ப கையத் தூக்கு தாயி" என்று என் கையைப் பிடித்து அவரே தூக்கி விடுவார். எனக்கு அந்த நேரத்தில் வந்த கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை. அவர் போய் இத்தனை காலம் ஆகியும் தணியவில்லை.

கல்யாணத்தன்று வெயில் பிளந்துகொண்டிருந்தது. வீட்டு வாசலில் கீற்றுப் பந்தல். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் நாலரை மணிக்குப் பிறந்து ஆறு மணிக்கு முடிகிறது. நாலரைக்கே என்னை மேடையில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். மேடை என்றால் இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்டு மேலே சமுக்காளம். கைவைத்த நாற்காலி. இடதுபுறம் மாப்பிள்ளை, வலதுபுறம் தலைவர், பின்னால் வீட்டுச் சுவர், முன்னால் மாலைகள் வைத்த மேசை. நான் எழுந்து வெளியே போக வேண்டுமென்றால் யாராவது ஒரு பெரிய மனிதர் நாற்காலியை நகர்த்தி வழிவிட வேண்டும். தண்ணீர் கேட்கக்கூட வெட்கமாக இருந்தது.

பெண்டுகள் எல்லாம் வீட்டுக்குள் கதவோரம். ஆண்கள் பந்தலுக்குள். பந்தலுக்கு வெளியே வயல்வேலை செய்கிற சனம் பெருங்கூட்டமாக நின்றது. அவர்களை யாரும் அழைக்கவில்லை. ராகுகாலத்தில் கல்யாணம் நடந்தால் என்ன ஆகிறது பார்ப்போம் என்று வந்தவர்கள். பந்தல் சரியும், மாப்பிள்ளை மயங்கி விழுவார், ஏதாவது ஒன்று நடக்கும் என்று ஆவலாக நின்றார்கள். நானும் அன்றைக்கு அவர்கள் கட்சிதான். பந்தல் சரியாதா என்று கீற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வக்கீல், பேச்சாளர்களைக் கட்டுப்படுத்துவதற்காக மேசை மேல் ஒரு டைம்பீஸை வைத்திருந்தார். யாரும் கட்டுப்படவில்லை. ஒரு தமிழ்ப் பண்டிதர் பழங்காலத்தில் கல்யாணம் எப்படி நடந்தது என்று ஆரம்பித்தார். அந்தக் காலத்துக் கல்யாணம் நாட்கணக்கில் நடக்குமாம். அவர் பேசியதைப் பார்த்தால் அதை நம்பத் தோன்றியது. அடுத்தவர் அவரை மறுத்துப் பேசினார். அப்பா மேடை ஓரத்தில் நின்று டைம்பீஸைப் பார்ப்பதும் துண்டால் முகத்தைத் துடைப்பதுமாக இருந்தார். எனக்கு முதலில் அது புரியவில்லை. அப்பா ஒருநாளும் பேச்சு நீள்வதற்காகக் கவலைப்பட்டதில்லை.

என்னை அழைத்தபோது ஆறு மணிக்கு அதிக நேரமில்லை. எழுந்தேன். வக்கீல் மெதுவாக, "சுருக்கமா முடிச்சிரும்மா, ராகுகாலம் முடியப் போகுது" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பேசி முடித்தால்தான் மாலை. ராகுகாலம் போய்விட்டால் அப்பா மாலை மாற்ற விடமாட்டார். பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, ஊரையே கூட்டி வைத்துக்கொண்டு, கடைசியில் நல்ல நேரத்தில் நடத்தினார் என்ற பேரை அவர் வாங்கமாட்டார். அடுத்த ஞாயிறு என்று தள்ளி வைப்பார். நாளைக்கு ஹாஸ்டல் திறக்கிறது. ஒருமுறை உள்ளே போய்விட்டால், பள்ளிக்கூடம் நடக்கும்போது பெண்ணை இழுத்துக்கொண்டு போக அங்கே இருக்கும் வார்டன் அம்மாள் விடமாட்டாள். ஆறு மணி வரைக்கும் பேசினால் போதும். எனக்குப் பேசத் தெரியும். அதை அப்பாவே கிணற்றடியில் நிறுத்திச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

"தாய்மார்களே, தோழர்களே" என்று ஆரம்பித்தேன். எழுதிக் கொடுத்ததை வரிசையாகச் சொன்னேன். நிறுத்த வேண்டிய இடத்திலெல்லாம் நிறுத்தினேன். பந்தல்காலில் சாய்ந்திருந்த ஒருவனைப் பார்த்துப் பேசினேன். அவன் நிமிர்ந்துவிட்டான். வற்புறுத்தலும் இன்றி என்ற இடம் வந்தது. அதை அப்படியே தாண்டிப் போனேன். யாரும் கவனிக்கவில்லை, அப்பாவின் உதடு மட்டும் அந்த வரியை முணுமுணுத்தது.

எழுதியது முடிந்தது. கைதட்டினார்கள். மாப்பிள்ளை மாலைக்கு எழப் போனார். தட்டல் அடங்குவதற்கு முன்னால் நான் அடுத்த வாக்கியத்தை எடுத்தேன்.

என் மனசில் இருந்ததைச் சொன்னேன். நான் டிரெய்னிங் ஸ்கூலில் படிக்கிறேன், எனக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கியிருக்கிறது, அதை முடித்து வாத்தியாரம்மாவாக வேண்டும், அதற்கு முன்னால் இந்த மாலையைப் போட்டுக்கொள்ள எனக்கு விருப்பம் இல்லை, இதை இத்தனை பேர் முன்னால் கேட்டுக்கொள்கிறேன் என்றேன். குரல் இறங்கவில்லை.

அப்படியொரு கைதட்டலை அந்தக் கூட்டத்தில் அதுவரை யாரும் வாங்கவில்லை. பண்டிதர் எழுந்து நின்று தட்டினார். "கேட்டுக்கங்க, பெண்ணுரிமைன்னா இதான்" என்று யாரோ ஒருவர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். வக்கீல் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். மாப்பிள்ளையும் தட்டினார். அப்பாவின் கண் கலங்கியிருந்தது. பெருமையில்.

நான் டைம்பீஸைப் பார்த்தேன். இன்னும் ஆறாகவில்லை. உரிமை பற்றிப் பேசி இனிமேல் பயனில்லை, எதைச் சொன்னாலும் தட்டுவார்கள். எனக்குத் தெரிந்த வேறு என்ன இருக்கிறது? நெல் பாடம் இருந்தது.

பந்தலுக்கு வெளியே நின்ற சனத்தைப் பார்த்து, "நெல்லு முளைக்கணும்னா மொதல்ல என்ன வேணும்?" என்று கேட்டேன்.

ஒரு கிழவர், "வெதை வேணும்" என்றார்.

"வெதையை எப்படிப் பாத்து எடுக்கணும்?"

"தண்ணியில போட்டுப் பாக்கணும். மெதக்குறது பதரு."

அதற்குப் பிறகு அவர்களை நிறுத்த முடியவில்லை. நான் கேட்கக் கேட்கக் கூட்டமாகப் பதில் சொன்னார்கள். நாற்றங்கால், நடவு, களையெடுப்பு என்று வரிசையாகக் கொண்டுபோனேன். தப்பாகச் சொன்னவனை அடுத்தவன் திருத்தினான். எல்லாரும் சேர்ந்து கத்தியபோது நான் கையைத் தூக்கினேன், அடங்கினார்கள். யாராவது ஒருத்தர் சொல்லுங்கள் என்றால் ஒருத்தர் சொன்னார். வீட்டுக்குள்ளிருந்து பெண்டுகளும் கதவைத் தாண்டி வந்து, அவிக்கிறதும் குத்துகிறதும் தாங்கள் சொல்ல வேண்டியது என்று சண்டை பிடித்தார்கள். மேடையில் இருந்த பெரிய மனிதர்கள் இதைக் கல்யாண உவமை என்று எடுத்துக்கொண்டார்கள். பயிர், விளைச்சல், குடும்பம் என்று பண்டிதர் பக்கத்திலிருந்தவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். எனக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. நான் சந்தோஷமாக இருந்தேன். எதற்காக இழுத்தடிக்கிறேன் என்பதைக்கூடச் சற்று நேரம் மறந்துபோனேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த கடைசி வகுப்பு அதுதான்.

சோறு வரைக்கும் வந்து நிறுத்தியபோது டைம்பீஸில் ஆறு தாண்டியிருந்தது. "வணக்கம்" என்று சொல்லி உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளை மாலையைக் கையில் எடுத்தார். அப்பா ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார்.

"இருங்க மாப்ள. ராகுகாலம் போயிருச்சு."

"அதுனால என்ன மாமா?"

"அதுனால என்னவா? பத்திரிகையில போட்ருக்கோம். வெளிய நிக்கிறாங்கெ பாருங்க, இப்ப மாலை மாத்துனா பயந்துபோயி நல்ல நேரத்துக்குக் காத்திருந்தாங்கெம்பாங்கெ. அடுத்த ஞாயித்துக்கெழமை வச்சுக்குவோம்."

நான் நினைத்தபடியே சொன்னார். ஒரு சொல் மாறவில்லை. நான் என் அப்பாவை அந்த அளவுக்கு அறிந்து வைத்திருந்தேன் என்று எனக்கே பெருமையாக இருந்தது. ஹாஸ்டலில் சன்னலோரத்துக் கட்டிலைப் பிடிக்க வேண்டும், காலையிலேயே கிளம்பிவிட வேண்டும் என்றுகூட யோசித்துவிட்டேன்.

வக்கீல் தொண்டையைச் செருமினார். "அண்ணே, கொஞ்சம் யோசிங்க. நல்ல நேரம்னு ஒண்ணு கெடையாதுன்னு சொல்றோம். அப்ப கெட்ட நேரம்னும் ஒண்ணு கெடையாதுல்ல. இந்த நேரம் ஆகாதுன்னு நீங்களே தள்ளி வச்சா, நமக்கும் அவுகளுக்கும் என்ன வித்தியாசம்?"

தர்க்கத்தில் தோற்றால் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அப்பாவின் கொள்கை. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒத்துக்கொள்ளாதீர்கள் அப்பா, இன்றைக்கும் பிடிவாதமாக இருங்கள் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். சின்னப்பிள்ளையிலிருந்து எத்தனையோ தடவை அவருடைய கொள்கைப் பிடிவாதம் போகாதா என்று ஏங்கியவள்தான் நான்.

அவர் யோசிக்கிற இடைவெளியில் வீட்டுக்குள்ளிருந்து அம்மா வந்தாள். அவளோடு மாப்பிள்ளையின் தாயாரும் வந்தார். அதுவரை இரண்டு பேரும் மேடைப் பக்கமே தலைகாட்டவில்லை. அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

என் மாமியார் என் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெற்றிப்பொட்டில் சொடுக்கிக்கொண்டார். "எம்புட்டு வெவரமான புள்ள. ஆம்பளைக கிட்ட மல்லுக்கு நிக்காம, பேசிப் பேசியே ராகுவை ஓட்டிப்புட்டாளே. வெளக்கு வைக்கிற நேரத்துல மகாலட்சுமியா வாரா எம் மருமக" என்றார்.

"இல்லத்தே, நான் அதுக்காகப் பேசல" என்றேன்.

"தெரியும்த்தா, தெரியும். வெளிய சொல்லாத" என்று என் வாயைப் பொத்தினார்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் கேட்டபோது எனக்காக அழாதவள், தனக்காக நான் செய்யாத ஒன்றைச் செய்துவிட்டதாக நினைத்து நன்றியில் அழுதாள்.

மாலை மாற்ற வேண்டும் என்று வக்கீலும் சொன்னார், என் மாமியாரும் சொன்னார். அந்தப் பந்தலில் இரண்டு கட்சியும் ஒரே குரலில் பேசியது அப்போது மட்டும்தான். நடுவில் அப்பா தனியாக நின்றார். கடைசியில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, ஆகட்டும்" என்றார். என் பக்கம் அவர் பார்க்கவில்லை. வேண்டுமென்றே ராகுகாலத்தைத் தப்பவிட்டேன், அம்மாவின் பேச்சைக் கேட்டுச் செய்தேன் என்று அவர் நம்பினார். தன் கொள்கையைத் தன் மகளே மேடையில் வைத்து விற்றுவிட்டாள் என்று பிறகு கடையில் சொல்லியிருக்கிறார். அதே மூச்சில், பேச்சு மட்டும் அபாரம் என்றும் சொல்லியிருக்கிறார்.

மாலை கனமாக இருந்தது. வெயிலில் இருந்து வாடிய பூ. வெளியே நின்ற சனம் இப்போதும் ஏதாவது நடக்கும் என்று பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எல்லாரும் பந்திக்குப் போனார்கள். பதில் சொன்ன கிழவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன், அது ஒன்று நல்ல காரியம்.

சாப்பாடு முடிந்ததும் புதுக்கோட்டைக்கு வண்டி கட்டினார்கள். பின்பக்கம் நானும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்திருந்தோம். மாமியார் முன்பக்கம் வண்டிக்காரரிடம் மருமகளின் சாமர்த்தியத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார். என் வீட்டுக்காரர் நல்ல மனிதர் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கடைசிவரைக்கும் என்னை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை.

ஊரை ஒட்டிய வயல்கள் தாண்டியதும் அவர்தான் முதலில் பேசினார். "ரொம்ப நல்லாப் பேசுன. எனக்கெல்லாம் நாலு பேரு முன்னாடி நாக்குப் பொரளாது."

நான் மடியிலிருந்த மாலையை நகர்த்தி வைத்தேன். அவரே தொடர்ந்தார்.

"அந்தப் படிப்பு விசயம் ஒண்ணு சொன்னயே. அதுதான் எல்லாத்துலயும் ஒசத்தி. மாமா எழுதுனதா?"

"அது எழுதுனது இல்ல" என்றேன். "நான் கேட்டது. நெசமாவே கேட்டேன். நாளைக்கு ஹாஸ்டல் தொறக்குறாங்க."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வண்டி மேட்டில் ஏறி இறங்கியது. அவர் முகம் வாடிப்போயிருந்தது. மனசாரத்தான் சொன்னார், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

"அடடா, இத நீ அங்கனயே சொல்லிருக்கலாமே."